அந்தப் பத்து வரியை வெளியே எடுங்கள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் வேர்ட்பிரஸ் தளம் கட்டிப் பிழைக்கும் தம்பி தங்கைகளுக்கு,

டவுன்ஹால் ரோட்டு மாடியில் ஓர் அறை பிடித்து இரண்டு பேராக வேலை பார்க்கிறவர்கள், திருமங்கலத்திலும் மேலூரிலும் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு ஏஜென்சிக்குத் தீம் செய்து கொடுக்கிறவர்கள், இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கில் பகலெல்லாம் வேறு வேலை பார்த்துவிட்டு ராத்திரியில் சித்தப்பாவின் நகைக்கடைக்குத் தளம் போடுகிறவர்கள், கல்லூரி முடிக்கும் முன்பே முதல் கிளையன்டிடம் முன்பணம் வாங்கிவிட்டவர்கள், எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சங்கம் சேர்க்க வரவில்லை. உங்கள் ஒவ்வொருவர் லேப்டாப்பிலும் மற்றவர்களுக்குத் தேவையான சரக்கு கொஞ்சம் கிடக்கிறது. அதைச் சரக்கு என்றே நீங்கள் நினைக்கவில்லை. பேச்சு அதைப் பற்றித்தான்.

கடைசியாகச் செய்த தமிழ்த் தளத்தின் ஃபங்ஷன்ஸ் ஃபைலைத் திறந்து கீழே போய்ப் பாருங்கள். அவசரத்தில் ஒட்டிய பத்துப் பதினைந்து வரி இருக்கும். தமிழ்த் தலைப்பு வைத்த பதிவின் முகவரி பாதியில் அறுந்துபோவதைச் சரிசெய்ய எழுதியது.

அது ஏன் அறுகிறது என்று நின்று பார்த்தவர்கள் குறைவு என்பதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். வேர்ட்பிரஸ் ஒவ்வொரு பதிவின் தலைப்பிலிருந்தும் முகவரிக்கான ஒரு ஸ்லக் செய்து, அதை டேட்டாபேஸில் 200 இடம் கொண்ட ஒரு கட்டத்தில் வைக்கிறது. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழிலோ யூனிகோடின் ஒவ்வொரு குறியும் 3 பைட். முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக விரியும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். புள்ளி தனிக் குறி, கொம்பு தனிக் குறி, சுழி தனிக் குறி. 'மீனாட்சியம்மன்' என்று அடித்தால் 14 குறி, 126 இடம் போயிற்று. இடைவெளிக்கு ஒன்று. மிச்சம் 73. அதில் 8 குறிதான் அடங்கும். எனவே 'மீனாட்சியம்மன் திருக்கோயில்' என்று தலைப்பு வைத்தால் முகவரி 'திருக்கோ' என்பதோடு நின்றுவிடுகிறது. நம் ஊரில் கண் விழித்ததும் சொல்லும் பெயரே உள்ளே முழுசாக நுழைய முடியாத கட்டம் அது. அந்தத் திருக்கோயிலின் சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு பதிவும் ஆவணி மூலத்துக்கு ஒரு பதிவும் போட்டால் இரண்டும் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு ஒரே முகவரியாகிவிடும். இரண்டாவதன் வாலை இன்னும் கொஞ்சம் நறுக்கி '2' என்று ஒட்டி வேர்ட்பிரஸ் சமாளித்துக்கொள்ளும். கிளையன்ட் கேட்பது வேறு விதமாக இருக்கும்: "தம்பி, லிங்க்கை வாட்ஸ்அப்புல போட்டா ஒரு முழத்துக்கு நம்பரும் எழுத்துமா வருது, ஏதோ வைரஸ்னு எங்க மச்சான் திறக்கவே மாட்டேங்கிறாரு."

இதற்குச் சிலர் தலைப்பை ரோமன் எழுத்துக்கு மாற்றும் அட்டவணை எழுதினீர்கள். சிலர் பதிவின் எண்ணையே முகவரியாக்கினீர்கள். சிலர் "அண்ணாச்சி, கீழே இங்கிலீஷ்ல ஒரு பேரு அடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தீர்கள். மூன்றும் வேலை செய்யும். ஆனால் தெற்காவணி மூல வீதிக் கடைக்குச் செய்த திருத்தம் அந்தக் கடைக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. அடுத்த தெருவில் இன்னொரு தம்பி அதே திருத்தத்தை அதே ராத்திரி முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறான்.

சிரிலிக் எழுத்துக்காரர்களுக்கு நம் அளவு நெருக்கடிகூட இல்லை. அவர்கள் எழுத்து ஒன்றுக்கு 2 பைட், 6 இடம். 33 எழுத்து வரை உள்ளே போகும். அப்படியிருந்தும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 'ருஸ்-டு-லாட்' என்று ருஷ்ய மொழிக்கு ஒருவர் எழுதியதை வேறு சிலர் கையேற்று 'சிர்-டு-லாட்' ஆக்கினார்கள். இன்று அது உக்ரைனியம், பல்கேரியம், சிரிலிக்கே அல்லாத ஜார்ஜியம் வரை பார்த்துக்கொள்கிறது. எழுதியவர்கள் ஒன்றும் பெரிய கம்பெனி அல்ல. உங்களைப் போல் தளம் கட்டிக்கொண்டிருந்தவர்கள், தங்கள் பத்து வரியை வெளியே எடுத்து வைத்தார்கள்.

வேர்ட்பிரஸ் வந்த வழியும் இதுதான். மிஷேல் வால்ட்ரிகி என்பவர் எழுதிய பி2 என்ற நிரல் கவனிப்பாரற்று நின்றது. அது ஜி.பி.எல். உரிமத்தில் இருந்ததால் யார் வேண்டுமானாலும் எடுத்துத் தொடரலாம். 'நான் தொடரட்டுமா' என்கிற தொனியில் 2003 ஜனவரியில் மேட் மல்லன்வெக் எழுதினார். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் 'நானும் வருகிறேன்' என்றார். அந்த ஆண்டு மே 27 அன்று முதல் பதிப்பு வந்தது. ஓராண்டு கழித்து 1.2 பதிப்பில் பிளகின் முறை வந்தபோதுதான் அது ஊர் முழுக்கப் பரவும் பொருளானது. மையத்தைத் தொடாமல், ஆங்காங்கே விட்டுவைத்த ஹுக்கில் உன் வேலையை மாட்டிக்கொள் என்ற ஏற்பாடு. 'ஹலோ டாலி' என்ற அந்தச் சின்ன பிளகினைக் கிளையன்ட் தளத்தில் எத்தனை முறை எரிச்சலோடு அழித்திருப்பீர்கள்! லூயி ஆம்ஸ்ட்ராங் பாட்டின் ஒரு வரியை அட்மின் பக்கத்தின் மூலையில் காட்டுவதைத் தவிர அது எதுவும் செய்யாது. ஆனால் அழிக்கும் முன் ஒரு முறை திறந்து படித்தால் ஒரு பிளகினுக்கு என்னென்ன வேண்டும் என்பது ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும்: மேலே பெயர் சொல்லும் ஒரு குறிப்பு, ஒரு ஃபங்ஷன், அதை எந்த ஹுக்கில் மாட்டுவது என்று ஒரு வரி. உங்கள் பத்து வரிக்கும் அதற்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

முகவரி மட்டும்தானா? தேடலைப் பாருங்கள். வேர்ட்பிரஸின் உள்தேடல், அடித்த சொல் அப்படியே எழுத்து மாறாமல் எங்காவது இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. வாடிப்பட்டிப் பக்கம் ஒரு நாற்றுப்பண்ணைக்குத் தளம் செய்கிறீர்கள் என்று வையுங்கள். வாங்க வருகிறவர் 'மரம்' என்று தேடினால் 'மரங்கள்' என்றோ 'மரத்துக்கு' என்றோ எழுதிய பக்கம் வராது. மகரப் புள்ளி அங்கே இல்லை அல்லவா. 'கோயில்' என்று தேடினால் 'கோயிலுக்கு' சிக்காது. வேற்றுமை உருபு ஏறியதும் சொல்லின் கடைசி மாறிவிடும் மொழியில், இந்தத் தேடல் பாதிக் கடையைப் பூட்டி வைத்துக்கொண்டு 'ஒன்றும் கிடைக்கவில்லை' என்கிறது. இதற்கு மருந்து எங்கோ ஆராய்ச்சிக்கூடத்தில் இல்லை. தமிழ்ச் சொல்லின் விகுதிகளைக் கழற்றி வேரை எடுக்கும் விதிகள் ஸ்னோபால் என்ற திறந்த மூலத் திட்டத்தில் இருக்கின்றன. 2019இல் வந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் 12 அதைத் தன் தேடலோடு சேர்த்தே கொடுத்தது. வேர்ட்பிரஸ் நிற்பது மைஎஸ்கியூஎல் மீது என்பதால் அது நமக்குத் தானாக வராது. யாராவது அந்த விதிகளை பி.ஹெச்.பி.யில் எழுதி, தேடல் ஃபில்டரில் மாட்ட வேண்டும். இரண்டு பேர் ஒரு மழைக்காலம் உட்கார்ந்தால் ஆகிற வேலை.

அப்புறம் அச்சகத்துக் கோப்புகள். சிவகாசி நமக்கு ஒன்றரை மணி நேரம். அங்கேயும் இங்கேயும் டி.டி.பி. கூடங்களில் பழைய பேஜ்மேக்கரில் வானவில், ஸ்ரீலிபி, பாமினி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்த கோப்புகள் கிடக்கின்றன. தமிழக அரசு 2010இல் யூனிகோடை முறைப்படி ஏற்றது. அச்சகத்து மேசைக்கு அந்த ஆணை எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. கல்லூரி ஆண்டுமலர், கோயில் கும்பாபிஷேக மலர், சங்க வரலாறு என்று கிளையன்ட் கொண்டுவரும் கோப்பை எடிட்டரில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் கலந்த கூளமாக விழும். ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு மாற்றித் தளத்துக்குப் போய் ஒட்டி, மாற்றி, திரும்ப வந்து ஒட்டுகிறீர்கள். எடிட்டரில் ஒட்டும்போதே 'இது பாமினி போலிருக்கிறது, மாற்றட்டுமா' என்று கேட்கிற ஒரு பிளகின் இருந்தால், அதை முதலில் கும்பிடப் போவது உங்கள் கிளையன்ட் அலுவலகத்தில் டைப் அடிக்கும் அந்த அக்காதான்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். நம் வட்டாரத்தில் 'நல்டு' பிளகின் புழக்கம் அதிகம். காசு கொடுத்து வாங்க வேண்டிய பிளகினின் லைசென்ஸ் சோதனையைக் கழற்றிவிட்டு டெலிகிராமில் சுற்றுகிற ஜிப் ஃபைல்கள். ஜி.பி.எல். உரிமம் மறுவிநியோகத்தைத் தடுப்பதில்லை. ஆகவே 'திருட்டு' என்று ஒரே சொல்லில் உங்களைத் திட்டிவிட முடியாது, திட்டவும் மாட்டேன். என் கவலை அந்த ஜிப்புக்குள் வேறென்ன வருகிறது என்பதுதான். டபிள்யூபி-விசிடி என்ற தீநிரல் இப்படிப்பட்ட இலவசத் தீம்கள், பிளகின்கள் வழியாகவே பரவியதை வேர்ட்ஃபென்ஸ் நிறுவனம் 2019இல் விரிவாக எழுதியது. ஒரு தளத்தில் நுழைந்தால் அதே ஹோஸ்டிங் கணக்கில் உள்ள மற்றத் தளங்களுக்கும் தாவும். ஐந்து கிளையன்டை ஒரே ஷேர்டு ஹோஸ்டிங்கில் வைத்திருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. சுங்குடிச் சேலைக் கடையின் பெயரை கூகுளில் தட்டினால் ஜப்பானிய எழுத்தில் கைப்பை விளம்பரம் வந்து நிற்கும். சனிக்கிழமை ராத்திரி போன் வரும். வாங்க வசதியில்லாத பிளகினுக்குப் பதில் இலவசமாக உள்ள எளிய பிளகினை எடுத்து, குறைவதை நாமே எழுதிச் சேர்ப்பது பத்து நாள் கூடுதல் வேலைதான். ஆனால் அந்தப் பத்து நாளில் செய்தது நம் கையில் இருக்கும். அடுத்த கிளையன்டுக்கும் வரும்.

"அண்ணே, பொதுவில போட்டா பக்கத்து ஏஜென்சிக்காரன் எடுத்துக்குவானே" என்பீர்கள். எடுத்துக்கொள்ளட்டும். கடைக்காரர் உங்களுக்குப் பணம் கொடுத்தது அந்தப் பத்து வரிக்காக அல்ல. ராத்திரி போனை எடுப்பதற்காக. பிளகினால் பணம் வருமா என்றால், பெரும்பாலும் வராது. புனேயின் பிரெய்ன்ஸ்டார்ம் ஃபோர்ஸ் 'ஆஸ்ட்ரா' தீமை இலவசமாக விட்டு, கூடுதல் வசதிகளை விற்று வளர்ந்தது. அந்தத் தீம் பத்து லட்சம் தளங்களைத் தாண்டிப் போனது. அது ஒரு வழி. நூற்றில் ஒருவருக்குக்கூட அது வாய்க்காது என்று தெரிந்தே சொல்கிறேன். வாய்ப்பது வேறு: வேர்ட்பிரஸ் புதுப்பதிப்பு வந்து ஏதாவது உடைந்தால் இருபது தளங்களில் இருபது முறை திருத்தாமல் ஓரிடத்தில் திருத்தி அப்டேட் தள்ளலாம். நேர்காணலில் 'என்ன செய்திருக்கிறாய்' என்று கேட்டால், பாஸ்வேர்டு கேட்காமல் காட்ட ஒரு பக்கம் இருக்கும்.

மதுரையின் பெயரைக் கணினி உலகம் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கி வைத்த மதுரைத் திட்டத்தில், பழந்தமிழ் நூல்களை உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள், இலவசமாகக் கொடுத்தார்கள். அகமதாபாத்தின் இந்தியன் டைப் ஃபவுண்டரி செய்த ஒரு தமிழ் எழுத்துருவுக்கு 'ஹிந்த் மதுரை' என்று பெயர். திறந்த உரிமம்தான், உங்களில் பாதிப் பேர் தளத்தில் போட்டிருப்பீர்கள். லோசானிலும் அகமதாபாத்திலும் செய்தவர்கள் இந்த ஊரின் பெயரை வைத்தார்கள். இந்த ஊரிலிருந்தே செய்தது எங்கே என்று யாராவது கேட்டால் சொல்ல நமக்கும் ஏதாவது வேண்டாமா?

பிளகினைச் சுற்றி வேலை எப்படி நடக்கும் என்பதற்கு இன்னும் நெருங்கிய உதாரணம் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ். 2012 முதல் கணியம் இதழை நடத்திவரும் த. சீனிவாசனும் நண்பர்களும் தொடங்கியது. தளம் வேர்ட்பிரஸில். மின்னூல் உருவாக்க அவர்கள் பலருக்கும் கற்றுக்கொடுத்த கருவி பிரெஸ்புக்ஸ். அதுவும் வேர்ட்பிரஸ் மேல் மாட்டிய பிளகின்தான். லிப்ரிவாக்ஸ் ஒலிநூல் திட்டத்தைத் தொடங்கிய ஹியூ மெக்குவைர் உருவாக்கியது. கனடாக்காரர் ஆங்கிலப் புத்தகத்துக்காகச் செய்த பொருளை எடுத்து, எழுத்தாளரிடம் கிரியேட்டிவ் காமன்ஸ் அனுமதி வாங்கி, ஒருவர் அட்டை செய்து, ஒருவர் மின்னூலாக்கி, தமிழில் நூற்றுக்கணக்கான நூல்களை அவர்கள் இலவசமாகக் கொண்டுவந்தார்கள். கோடு எழுதத் தெரிந்தவர்கள் அதில் சிலர்தான். மற்றவர்கள் ஆசிரியர்கள், குடும்பத் தலைவிகள், ஓய்வு பெற்றவர்கள். பிளகின் செய்யக் கூடும்போது கோடு எழுதுகிறவர்களை மட்டும் கூப்பிடாதீர்கள் என்பதற்காகவே இதைச் சொன்னேன். நான் மேலே சொன்ன அந்த டைப் அடிக்கும் அக்கா வந்து உட்கார்ந்து, 'இந்த எழுத்து மாறலையே தம்பி' என்று பத்து இடம் காட்டினால் அதற்கு ஈடான சோதனை வேறில்லை.

வெளியிட்ட பின்புதான் வேலை. ரீட்மீயில் 'எந்தப் பதிப்பு வரை சோதித்தது' என்ற வரியை மாற்றாமல் விட்டால், மூன்று பெரிய பதிப்புகள் கழிந்ததும் உங்கள் பிளகின் பக்கத்தின் தலையில் மஞ்சள் எச்சரிக்கை ஏறிவிடும். பார்க்கிறவர் ஓடிவிடுவார். கல்யாணம், வேலை மாற்றம், சென்னைக்கோ பெங்களூருக்கோ போவது எல்லாம் வரத்தான் செய்யும். ஆகவே முதல் நாளே இரண்டு பேருக்காவது வெளியிடும் உரிமை இருக்கட்டும். கைமாற்றும்போது யாரிடம் என்று பார்த்துக் கொடுங்கள். 'டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்' என்று ஒரு நல்ல பிளகின் இருந்தது; இரண்டு லட்சம் தளங்களுக்கு மேல் ஓடியது. பராமரிக்க நேரமில்லாமல் 2017இல் 15,000 டாலருக்கு விற்றார்கள். வாங்கியவர் அப்டேட் வழியாகவே பின்கதவு வைத்தார். அந்தத் தளங்களில் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் நம்பி 'அப்டேட்' பொத்தானை அழுத்தியிருப்பார்.

வேர்ட்பிரஸின் பொது டைரக்டரியில் போட்டுவிட்டால் கவலையில்லை என்றும் இருக்க வேண்டாம். 2024 செப்டம்பரில் மல்லன்வெக்குக்கும் டபிள்யூபி எஞ்சின் நிறுவனத்துக்கும் சண்டை முற்றி, அக்டோபரில் இருபது லட்சம் தளங்களில் ஓடிய, அந்த நிறுவனத்தின் ஏ.சி.எஃப். பிளகினின் பக்கமே வேறு பெயரில் வேறு கைக்குப் போனது. டிசம்பரில் கலிபோர்னியா நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் திரும்பக் கிடைத்தது. யார் பக்கம் நியாயம் என்று தல்லாகுளம் டீக்கடையில் வேண்டுமானால் ஒரு சாயங்காலம் பேசலாம். நமக்கு அதில் தேவையானது ஒன்று: மூலக்கோடு டைரக்டரியில் மட்டும் இருக்கக் கூடாது. உங்கள் கிட் கிடங்கிலும், உங்களோடு சேர்ந்தவர்களின் கிடங்கிலும் முழு வரலாற்றோடு இருக்கட்டும்.

கூட்டம் கூடுவது பற்றி. டீசர்ட், ஸ்டிக்கர், மேடை, மாலை எதுவும் வேண்டாம். ஒரு கல்லூரி லேப் அல்லது யாருடைய அலுவலகமாவது போதும். ஒருவர் பேச மற்றவர் கேட்பதை அரை மணி நேரத்தோடு முடித்துக்கொண்டு, மிச்ச நேரம் ஒரே ஒரு பிழையைத் திரையில் போட்டு எல்லோரும் சேர்ந்து பிடியுங்கள். பேச்சு தமிழில் இருக்கட்டும். மேலூர்க்காரன் ஆங்கிலத்துக்குப் பயந்து பின்வரிசைக்குப் போனால் அவன் பத்து வரி வெளியே வராது. ஞாயிறு காலை வையுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு வைத்துவிட்டு 'பெண் பிள்ளைகள் யாரும் வரலையே' என்று கேட்காதீர்கள். உசிலம்பட்டிக்கும் சோழவந்தானுக்கும் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் எப்படி வருவார்கள்? வருகிறவர்களில் கோடு வராதவர்களுக்கு மொழிபெயர்ப்பு வேலை உண்டு. வேர்ட்பிரஸில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று இரண்டு மொழிப் பட்டியல்கள் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டிலும் ஆள் போதாது.

முதல் வேலையாக ஸ்லக் பிளகினை எடுக்கச் சொல்வேன். எல்லோரிடமும் பாதி எழுதிய வடிவம் இருக்கிறது. அவற்றைக் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்கிறேன்: எழுத்து மாற்றும் அட்டவணையில் சண்டை வரும். 'மதுரை'யின் தகரத்துக்கு ஆங்கில 'டி' போடுவதா, 'டிஹெச்' போடுவதா? ழகரத்துக்கு 'இஸட்ஹெச்'சா, வெறும் 'எல்'லா? கடைக்காரர் தன் பெயர்ப்பலகையில் எப்படி எழுதியிருக்கிறாரோ அப்படித்தான் வேண்டும் என்பார். யாழ்ப்பாணத்தில் பழக்கம் இன்னொரு மாதிரி. முடிவு கட்ட உட்காராதீர்கள், அந்த ஞாயிறு போய்விடும். ஏதாவது ஓர் அட்டவணையை முதலில் வையுங்கள். அதைக் கோடுக்குள் பூட்டாமல் ஒரு ஃபில்டர் வழியாகக் கொடுங்கள். வேண்டியவர் தன் தளத்தில் இரண்டு வரி எழுதி மாற்றிக்கொள்வார். கூடவே, ஏற்கெனவே வெளியான பதிவுகளின் முகவரியைத் தொடாமல் புதுப் பதிவுக்கு மட்டும் வேலை செய்யும்படி விடுங்கள். இல்லையென்றால் கூகுளில் ஏறியிருக்கும் பழைய லிங்க் எல்லாம் ஒரே நாளில் செத்து, மறுநாள் காலை அத்தனை கிளையன்டும் உங்களைத் தேடுவார்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் இதே வேலைக்கு வந்த ஓர் அண்ணன்